திறவுகோல் யாரிடம்? – நமது ஆவணங்களும் திறந்த மூல வழங்கிகளும்

(டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில், தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் ஒன்றுகூடிய நிகழ்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்நகரின் புறத்தே, தௌலோ பகுதியில், கூகிள் நிறுவனத்தின் தரவு மையம் அமைந்திருக்கின்றது. 2018 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2020 நவம்பரில் திறக்கப்பட்ட அம்மையத்திற்கென அறிவிக்கப்பட்ட முதலீடு 60 கோடி யூரோ. சின்ன பெல்ட் நீரிணைக்கு அப்பால் ஒடென்ஸ நகரில் பேஸ்புக் நிறுவனத்தின் தரவு மையம் 2019 இல் திறக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய இரண்டு நிறுவனங்களின் வழங்கிகளுக்கு நடுவே நாம் குடியிருக்கின்றோம். ஆயினும் நமது பிள்ளைகளின் கலைவிழாப் படங்கள், வாணிவிழாக் காணொளிகள், மறைந்த பெரியவர்களின் குரற்பதிவுகள் ஆகியன எந்த நாட்டில், எந்தக் கட்டடத்தில் இருக்கின்றன என்று கேட்டால், அவற்றின் உரிமையாளர்களாகிய நம்மால் விடை கூற இயலாது. இன்று நான் பேச வந்த விடயம் இதுதான். நமது ஆவணங்களை நாமே நமது வழங்கியில் வைத்திருக்க முடியுமா? கணினித்துறை வல்லுநர் அல்லாத ஒருவரால் அவ்வாறான வழங்கியொன்றை நிறுவ இயலுமா?

வழங்கி என்றவுடன் பலர் அஞ்சுகின்றனர். ஆங்கிலத்தில் சேர்வர் எனப்படும் இது, கேட்டதை எடுத்துக் கொடுக்கும் ஒரு கணினி மட்டுமே. உங்கள் கைபேசி ஒரு பக்கத்தைக் கேட்கின்றது, எங்கோ இருக்கும் வழங்கி அதனை எடுத்துத் தருகின்றது. இப்பணியைச் செய்வதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திய பின்னர், நல்ல நிலையில் இருந்த எத்தனையோ மடிக்கணினிகள் அலுமாரிகளுக்குள் போய்விட்டன. அவற்றுள் ஒன்று, ஒரு தமிழ்ப் பாடசாலையின் ஆவணங்கள் முழுவதையும் தாங்கும் வழங்கியாக மாறக்கூடியது.

மென்பொருளுக்கும் பணம் செலுத்த வேண்டியதில்லை. 1995 இல் வெளிவந்த அப்பாச்சி வழங்கி மென்பொருள், அதே ஆண்டில் கிறீன்லாந்தில் பிறந்த டேனியரான ரஸ்மஸ் லேர்டோர்ஃப் வெளியிட்ட பிஎச்பி நிரல்மொழி, லினக்ஸ் இயங்குதளம் ஆகிய யாவும் திறந்த மூல மென்பொருள்கள். அவற்றின் மூலநிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். கால் நூற்றாண்டுக்கு மேலாக இவை நமக்கு இலவசமாகக் கிடைத்து வந்துள்ளன. அப்படியிருந்தும் நமது சங்கங்கள், பாடசாலைகள், ஊர் ஒன்றியங்கள் தமது நினைவுகளை ஏன் அந்நிய நிறுவனங்களின் இடத்திலேயே சேமித்து வைத்தன? நமக்கு அக்கறை இல்லை என்று சிலர் குறை கூறுவர். நான் அதனை ஏற்கவில்லை. மென்பொருள் இலவசமாக இருந்தது, ஆனால் அதனை நிறுவும் அறிவு மிகச் சிலரிடமே இருந்தது. அந்த இடைவெளியில்தான் நாம் பலவற்றை இழந்தோம்.

எவ்வளவு இழந்தோம் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சொல்கின்றேன். 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழர்கள் பலர் ஜியோசிட்டீஸ் என்னும் இலவச இடத்தில் தமது பக்கங்களை அமைத்தனர். பாமினி எழுத்துருவைத் தரவிறக்கிக்கொண்டு வாசிக்கும்படி அறிவுறுத்திய அந்தப் பக்கங்களை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2009 அக்டோபரில் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீசை மூடியது. அடுத்தது யாகூ குழுமங்கள். மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் போன்ற குழுமங்களில் தமிழ் இலக்கியமும் இசையும் அரசியலும் ஆண்டுக்கணக்கில் விவாதிக்கப்பட்டன. இன்று அறியப்பட்ட எழுத்தாளர்கள் சிலர் எழுதிப் பழகியதே அங்கேதான். 2019 இன் இறுதியில் குழுமங்களின் பழைய உள்ளடக்கத்தை அகற்றப்போவதாக அறிவித்த யாகூ, 2020 டிசம்பரில் அச்சேவையையே நிறுத்தியது. ஆர்வலர் சிலர் தம்மால் இயன்றதைப் பிரதியெடுத்தனர். ஏனையவை போயின. எவரும் தீ வைக்கவில்லை, எவரும் தடைசெய்யவில்லை. இலாபம் தராத ஒரு சேவையை ஒரு நிறுவனம் மூடியது, அவ்வளவே. 1981 இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தை ஆண்டுதோறும் நினைவுகூரும் நமது சமூகம், இவ்வாறு ஓசையின்றி நேர்ந்த இழப்புகளைக் கவனிக்கவே இல்லை.

சொந்தமாக இணையத்தளம் வைத்திருந்த சங்கங்களின் நிலை மட்டும் மேலானதா? அங்கு வேறொரு சிக்கல் இருந்தது. கணினி தெரிந்த ஓர் இளைஞன் முன்வந்து தளத்தை அமைப்பான். ஆள்களப் பெயர் அவனது பெயரில் இருக்கும். கடவுச்சொல் அவனது தலைக்குள் இருக்கும். ஓரிரு ஆண்டுகளில் அவன் மேற்படிப்புக்கோ வேலைக்கோ இங்கிலாந்து போய்விடுவான், அல்லது திருமணம் செய்துகொண்டு வேறு நகருக்குக் குடிபெயர்வான். ஆண்டுக் கட்டணத்திற்கான நினைவூட்டல் அவன் பார்க்காத ஒரு மின்னஞ்சல் முகவரிக்குச் செல்லும். ஒருநாள் காலையில் தளம் இராது. அந்த இளைஞனை நான் குறைகூறமாட்டேன். இரவு பகலாக ஊதியமின்றி உழைத்தவன் அவன். அவனைத் தவிர வேறெவராலும் திறக்க முடியாத கதவாக அந்தப் பணி அமைந்திருந்ததே கோளாறு.

அந்தக் கதவு எவ்வளவு கடினமானதாக இருந்தது என்பதை இன்றைய இளையோர் அறிய வேண்டும். 1990களில் ஒரு வழங்கி மென்பொருளை நிறுவ விரும்பியவர் முதலில் மூலநிரலைத் தரவிறக்குவார். பின்னர் கறுப்புத் திரையில் மூன்று கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக இடுவார்: கொன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டோல். பெரும்பாலும் முதற் கட்டளையிலேயே, இன்ன நிரற்தொகுதியைக் காணவில்லை என்று கணினி நின்றுவிடும். அதனைத் தேடிக் கொண்டுவந்தால் அதற்கு இன்னொன்று வேண்டும். அந்த இன்னொன்றுக்கு வேறொரு பதிப்பு வேண்டும். ஒரு குழம்பு வைப்பதற்காகக் கடைக்குப் போனவரை, முதலில் மிளகாய்த் தோட்டம் போட்டுவிட்டு வா என்று திருப்பி அனுப்புவது போன்றது அது.

இதற்கு ஒரு பெரிய தீர்வைத் தந்தவர்கள் டெபியன் குழுவினர். 1993 இல் இயன் மேர்டொக் தொடங்கிய டெபியன், லினக்ஸ் மென்பொருள்களை ஆயத்தப் பொதிகளாக்கி வழங்கியது. 1999 மார்ச்சில் வெளியான அதன் 2.1 பதிப்பில் ஏப்ட் என்னும் கருவி இடம்பெற்றது. இன்ன மென்பொருள் வேண்டும் என்று ஒரே வரியில் கேட்டால், அதற்குத் தேவையான அனைத்தையும் தானே கண்டுபிடித்து, சரியான ஒழுங்கில் நிறுவித் தரும் கருவி அது. இந்தப் பொதிகளை ஆக்குவோர் உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள். ஒரு மென்பொருளை எழுதியவரின் பெயரை உலகம் அறியும். அதனை எவரும் நிறுவத்தக்கதாகப் பொதிசெய்து தந்தவரின் பெயரை எவரும் அறியார். என் மனத்தில் இரண்டாமவருக்கே பெரிய இடம்.

2003 இல் தொடங்கிய வேர்ட்பிரஸ், ஐந்து நிமிட நிறுவல் என்று தன்னை விளம்பரப்படுத்தியது. உண்மைதான், ஐந்து நிமிடமே போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடம் தொடங்குவதற்கு முன்னர் ஒரு தரவுத்தளத்தை உருவாக்கி, அதற்கொரு பயனரை நியமித்து, அவருக்கு உரிமைகள் வழங்கி, அந்த விபரங்களை ஒரு கோப்பில் பிழையின்றி எழுதிப் பதிவேற்ற வேண்டியிருந்தது. ஏற்கனவே பலமுறை செய்தவருக்கே அது ஐந்து நிமிடம்.

அந்தத் தரவுத்தளத்தைப் பற்றித் தமிழர்களாகிய நாம் தனியே பேச வேண்டும். வேர்ட்பிரஸ் பயன்படுத்திய மைஎஸ்கியூஎல், சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்றின் படைப்பு. அதனை நிறுவுபவர் எதையும் மாற்றாமல் விட்டால், எழுத்துக்கள் லத்தீன்-1 என்னும் குறிமுறையில் சேமிக்கப்படும். அகரவரிசைப்படுத்தும் முறை சுவீடிய மொழிக்குரியதாக இருக்கும். இவ்வாறு நாம் எதையும் தெரிவு செய்யாதபோது மென்பொருள் தானே எடுத்துக்கொள்ளும் அமைப்பை இயல்பிருப்பு என்கிறோம். டேனிஷ் மொழியின் மூன்று சிறப்பெழுத்துக்களும் லத்தீன்-1 இல் அடங்கிவிடும். ஆகவே பக்கத்துத் தெரு உதைபந்தாட்டக் கழகம் தனது தளத்தை நிறுவியபோது எந்தத் தொல்லையும் எழவில்லை. தமிழ் எழுத்துக்களுக்கு அங்கு இடமில்லை. சில தளங்களில் எழுதியவை யாவும் கேள்விக்குறிகளாக மாறின. வேறு சில தளங்கள் ஆண்டுக்கணக்கில் நன்றாகவே இயங்கின. வழங்கியை மாற்றும் நாள் வந்தபோதுதான், பத்தாண்டுக் கட்டுரைகள் யாவும் தலையில் குறிகள் இட்ட ஐரோப்பிய எழுத்துக்களின் குவியலாக வெளிப்பட்டன. தரவுத்தள இணைப்பின் எழுத்துக் குறிமுறையைக் குறிப்பிடும் வசதி வேர்ட்பிரஸ்ஸின் நிறுவற் கோப்பில் 2007 இல் சேர்க்கப்பட்டது. மைஎஸ்கியூஎல்லின் இயல்பிருப்பே யுனிகோட் ஆக மாறியதோ 2018 இல் வெளியான 8.0 பதிப்பில்தான்.

நான் இதனை விரிவாகக் கூறுவதற்குக் காரணம் உண்டு. ஒரு மென்பொருளை எளிதாக நிறுவச் செய்தல் என்பது, நிறுவுபவரிடம் கேட்கப்படும் கேள்விகளைக் குறைத்தலாகும். கேள்வி குறைந்தால், விடையை வேறொருவர் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கின்றார் என்று பொருள். அவ்வாறு எழுதியவர் நம்மை நினைத்திருந்தால் நமக்கு எளிது. நினைத்திராவிட்டால், எளிமை என்ற பெயரிலேயே நமது எழுத்து அழியும். விடைகள் எழுதப்படும் அந்த இடத்தில் தமிழ்ப் பிள்ளைகளும் அமர்ந்திருக்க வேண்டும் என்று நான் விரும்புவது இதனால்தான்.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் நிலைமை பெரிதும் மாறிவிட்டது. 2013 இல் வெளிவந்த டொக்கர், ஒரு மென்பொருளையும் அதற்குத் தேவையான அனைத்தையும் ஒரே கொள்கலனில் அடைத்து, எந்த வழங்கியிலும் அப்படியே இறக்கி இயக்கும் முறையைப் பரவலாக்கியது. துறைமுக நகரத்தவர்களாகிய உங்களுக்குக் கொள்கலனின் பயனை விளக்க வேண்டியதில்லை. அடுத்து, தளத்திற்கும் வாசகருக்கும் இடையே செல்லும் செய்திகளை இடையிலுள்ளோர் படிக்காதவாறு காக்கும் சான்றிதழ். முன்னர் இதற்குப் பணம் கட்டி, ஆண்டுதோறும் கையால் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலாபநோக்கற்ற சேவை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன் சான்றிதழ்களுக்குக் கட்டணமில்லை. புதுப்பிக்கும் வேலையை வழங்கியே தானாகச் செய்துகொள்ளும்.

இவற்றின் மீது கட்டப்பட்டவையே இன்று வல்லுநர் அல்லாதோருக்கான வழங்கித் தொகுப்புகள். கொலம்பியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் எபன் மொக்லன், 2010 பெப்ரவரியில் நியூயோர்க்கில் ஆற்றிய உரையொன்றில், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு வழங்கி இருக்க வேண்டும் என்றார். அதிலிருந்து பிறந்தது ப்ரீடம்பொக்ஸ் திட்டம். 2012 இல் தொடங்கியது யூனோஹோஸ்ட். இரண்டும் டெபியனை அடித்தளமாகக் கொண்டவை. இவற்றில் கறுப்புத் திரைக்கு வேலை மிகக் குறைவு. உலாவியில் ஒரு பக்கம் திறக்கும். படத்தொகுப்பு, நாட்காட்டி, விக்கி, வலைப்பதிவு என்று மென்பொருள்கள் கடை அலுமாரியில் அடுக்கியதுபோல் இருக்கும். வேண்டியதைச் சுட்டினால், தரவுத்தளம் உட்பட யாவற்றையும் அது அமைத்துத் தரும். கோப்புகளைப் பகிர்வதற்கு, 2016 இல் பிராங்க் கார்லிட்செக் தலைமையில் உருவான நெக்ஸ்ட்கிளவுட் உண்டு. ஒரு மாலைப்பொழுதில், தேநீர் ஆறுவதற்குள் என்று சொல்லமாட்டேன், இரவுணவுக்கு முன்னர் இவற்றை நிறுவிவிடலாம்.

இத்துடன் என் உரையை முடித்தால் ஒரு விற்பனையாளனுக்கும் எனக்கும் வேறுபாடு இராது. எளிதான நிறுவலுக்கு ஓர் ஆபத்தான பக்கமும் உண்டு.

மொங்கோடிபி என்னும் தரவுத்தள மென்பொருள் எளிதாக நிறுவக்கூடியது என்று புகழ்பெற்றிருந்தது. அதன் பழைய பதிப்புகள் சில, கடவுச்சொல் கேட்காமலும், இணையத்திலிருந்து வரும் எவருக்கும் பதிலளிக்கும் நிலையிலும் நிறுவப்பட்டன. 2017 ஜனவரியில் கயவர்கள் இணையம் முழுவதையும் துழாவி, அவ்வாறு திறந்துகிடந்த பல்லாயிரம் தரவுத்தளங்களை அழித்து, மீட்டுத் தருவதற்குப் பணம் கேட்டனர். பூட்டை உடைத்து எவரும் நுழையவில்லை. பூட்டே இல்லாமல் வீடு கட்டிக் கொடுக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டின் இறுதியில் வந்த 3.6 பதிப்பிலிருந்து, மொங்கோடிபி இயல்பாகத் தன் சொந்தக் கணினிக்கு மட்டுமே பதிலளிக்கின்றது. இதனையும் இயல்பிருப்பின் கதையாகவே நான் பார்க்கின்றேன். அனுபவமற்றவரைக் காப்பாற்றும் விடையை முன்கூட்டியே எழுதிவைப்பதே உண்மையான எளிமை.

இரண்டாவது, இரண்டாம் ஆண்டு. நிறுவும் நாளில் எல்லோரும் கூடியிருப்பார்கள், படம் எடுப்பார்கள், கைதட்டுவார்கள். திருமண நாளைப் போன்றது அது. இரண்டாம் ஆண்டில்தான் வன்தட்டு நிரம்பும், மென்பொருளின் பழைய பதிப்பில் ஓட்டை கண்டுபிடிக்கப்படும், கடவுச்சொல் மறந்துபோகும். வேர்ட்பிரஸ் 2013 அக்டோபரில் வெளியான 3.7 பதிப்பில், பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே இற்றைப்படுத்தும் வசதியைக் கொண்டுவந்தது. ஐந்து நிமிட நிறுவலைவிட இதனையே அதன் பெரிய சாதனையாக நான் மதிக்கின்றேன். எந்த மென்பொருளைத் தெரிவு செய்தாலும், எவ்வளவு விரைவாக நிறுவலாம் என்று மட்டும் கேளாதீர்கள். தன்னைத் தானே இற்றைப்படுத்துமா? பின்காப்பு எடுக்குமா? எடுத்த பின்காப்பிலிருந்து வேறொரு கணினியில் மீண்டும் எழுந்து நிற்குமா? மூன்றாவது கேள்விக்கு விடை காண ஒரே வழிதான் உண்டு. ஒரு சனிக்கிழமை பிற்பகல் வேறொரு பழைய கணினியை எடுத்து, பின்காப்பை அதில் மீட்டுப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் வீட்டில் நிறுவ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கின்றேன். அது மின்னஞ்சல் வழங்கி. யூனோஹோஸ்ட் அதனையும் நிறுவித் தரும். ஆனால் வீட்டு இணைப்பிலிருந்து வரும் மின்னஞ்சலைப் பெரிய நிறுவனங்கள் குப்பையாகக் கருதி ஒதுக்குவது வழமை. அந்தச் சண்டையில் உங்கள் வார இறுதிகளை இழக்காதீர்கள்.

பெற்றோர்கள் சிலர், இவ்வளவு சிரமம் ஏன், பெரிய நிறுவனங்கள் நன்றாகத்தானே செய்கின்றன என்று கேட்கின்றீர்கள். நியாயமான கேள்வி. அவை செய்யும் தொழில்நுட்பப் பணி நம்முடையதைவிடப் பன்மடங்கு சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் யார் பொருளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி வேறு. ஹெல்சிங்கோர் நகரில், 2019 இல், பாடசாலையில் வழங்கப்பட்ட கூகிள் கணக்கின் வழியாகத் தன் பிள்ளையின் பெயர் யூடியூப்பில் வெளிப்பட்டதைக் கண்ட ஒரு தந்தை முறையிட்டார். அவர் சட்டத்தரணியும் அல்லர், அமைச்சரும் அல்லர். ஒரு பெற்றோர். அந்த முறைப்பாட்டின் தொடர்ச்சியாக டென்மார்க்கின் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2022 ஜூலையில் அந்நகரசபைக்கு எதிராகத் தடை விதித்தது. 2024 ஜனவரியில் 53 நகரசபைகள் தமது நடைமுறையைச் சட்டத்திற்கு இணங்க மாற்ற வேண்டுமெனக் கட்டளையிட்டது. 2025 ஜூனில் டென்மார்க்கின் டிஜிட்டல் விவகார அமைச்சே தனது அலுவலர்களை மைக்ரோசொப்ட் ஒபிசிலிருந்து, திறந்த மூல மென்பொருளான லிப்ரேஒபிசிற்கு மாற்றப்போவதாக அறிவித்தது. அரசே கேட்கத் தொடங்கியிருக்கும் கேள்வியை ஒரு தமிழ்ப் பாடசாலையின் நிர்வாகக் குழு கேட்பதில் வியப்பில்லை.

அதேவேளை பொறுப்பு நமக்கும் வரும். பிள்ளைகளின் படங்களை நமது வழங்கியில் வைத்தால், 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாமே. பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் பெறவேண்டும். ஓர் இளைஞர், நான் பத்து வயதில் ஆடிய நடனத்தை அகற்றுங்கள் என்று கேட்டால் அகற்றவேண்டும். மாமாமார் இதற்காகக் கோபிக்கக்கூடாது.

இந்த நாட்டில் இத்தகைய கூட்டுமுயற்சிக்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. 1882 இல் மேற்கு யூலாந்தின் யெடிங் என்னும் சிற்றூரில் விவசாயிகள் ஒன்றுசேர்ந்து டென்மார்க்கின் முதலாவது கூட்டுறவுப் பாற்பண்ணையை நிறுவினர். தனித்தனியே எவராலும் வாங்க முடியாத இயந்திரத்தைச் சேர்ந்து வாங்கினர். இன்று டேட்டா.கூப் என்னும் டேனிஷ் சங்கம் அதே முறையில் இயங்குகின்றது. உறுப்பினர்கள் சந்தா செலுத்தி, நெக்ஸ்ட்கிளவுட் போன்ற திறந்த மூலச் சேவைகளைத் தாமே நடத்திக்கொள்கின்றனர். அதற்கும் முன்னர், சிலாந்து தீவையும் தென் சுவீடனையும் சேர்ந்த எஸ்எஸ்எல்யூஜி என்னும் லினக்ஸ் பயனர் குழுவினர், டேனிஷ் மொழியில் இலவச நூல் வரிசை ஒன்றை எழுதி வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றின் தலைப்பு, சொந்த இணைய வழங்கிக்கான சுதந்திரம் என்று பொருள்படும். ஐந்து மில்லியனுக்குச் சற்று மேற்பட்டோர் பேசும் மொழியில், பெரும்பாலானோர் ஆங்கிலமும் அறிந்த நாட்டில், அவர்கள் தமது மொழியில்தான் எழுதினார்கள்.

நமது மொழியிலும் அப்பணி நடந்திருக்கின்றது. தமிழ்நாட்டில் 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இதழைச் சூழ்ந்த தன்னார்வலர்கள், கட்டற்ற மென்பொருள் பற்றிய நூல்களை எளிய தமிழில் இலவசமாக வெளியிட்டனர். நான் சற்று முன்னர் குறைகூறிய மைஎஸ்கியூஎல் பற்றியே து. நித்யா தமிழில் நூல் எழுதியிருக்கின்றார். ஈழத்துத் தமிழ் ஆவணங்களைப் பொறுத்தவரை, 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டத்தை அறியாதவர் இங்கு இருக்கமாட்டீர்கள். அந்த எண்ணிம நூலகம் இயங்குவது மீடியாவிக்கி என்னும் திறந்த மூல மென்பொருளில். விக்கிப்பீடியாவும் அதே மென்பொருளில்தான் இயங்குகின்றது. பல கோடி செலவில் மென்பொருள் எழுதுவிக்க வேண்டிய தேவை நூலகத்திற்கு இருக்கவில்லை. ஏற்கனவே பிறர் எழுதி, பிறர் எளிதாக்கி, தமிழர்கள் தமிழாக்கிய ஒன்றை எடுத்து நிறுவி, முழு உழைப்பையும் நூல்களைச் சேகரிப்பதிலும் மின்வருடுவதிலும் செலவிட முடிந்தது. நிறுவுதல் எளிதாகும்போது மீதமாகும் உழைப்பு எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

இளையோரே, உங்களில் சிலர், எங்களுக்கு ஆங்கிலமும் டேனிஷும் தெரியும், தமிழில் வழிகாட்டி எதற்கு என்கின்றீர்கள். உங்களுக்குத் தேவையில்லை. உங்கள் தாய்க்குத் தேவை. இருபது ஆண்டுகளாகப் பாடசாலையின் வரவுப் பதிவேட்டையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் கலைவிழா நிகழ்ச்சிநிரல்களையும் காத்து வருபவர் அவரே. நீங்கள் ஒரு நாள் கொப்பன்ஹேகனுக்கோ இலண்டனுக்கோ போய்விடுவீர்கள், போகவும் வேண்டும். அன்று வழங்கியின் திறவுகோல் அவரிடம் இருக்க வேண்டுமானால், திரையில் தோன்றும் கேள்வி அவருக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும். வேர்ட்பிரஸ்ஸை நிறுவும்போதே மொழியைத் தெரிவு செய்யும் வசதி 2014 இல் வந்தது. அதில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என இரண்டு உண்டு. நமது சொற்களுக்கும் ஓரிடம் ஒதுக்கப்பட்டிருக்கின்றது என்று பொருள். ப்ரீடம்பொக்ஸ், யூனோஹோஸ்ட் இரண்டையும் மொழிபெயர்ப்பதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. உலாவியில் ஆங்கில வரி இருக்கும், அதற்குரிய தமிழ் வரியை எழுத வேண்டும். தாயும் பிள்ளையும் அருகருகே அமர்ந்து செய்யக்கூடிய வேலை அது. பிள்ளைக்குப் பொருள் விளங்கும், தாய்க்குச் சொல் வரும்.

இந்நகரில் எதனை முதலில் சேமிப்பது என்று என்னிடம் கேட்டார்கள். எனக்கு ஒரு விடையே உண்டு. 1980களில் இந்நாட்டுக்கு வந்தவர்களின் கடிதங்களும் ஒலிநாடாக்களும். 1987 இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹன்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களை நிறுத்திவைத்ததும், அந்தத் தமிழர் வழக்கினால் 1993 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியதும் டென்மார்க்கின் வரலாற்று நூல்களில் இருக்கின்றன. விசாரணை அறிக்கைகள் அரசின் சுவடிக்கூடங்களில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் காத்திருந்த மனைவிமார் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் எழுதிய நீலநிற வான்கடிதங்கள், குழந்தையின் மழலையைப் பதிந்து அனுப்பிய ஒலிநாடாக்கள் ஆகியன நமது வீட்டு மேற்தட்டுகளில், சப்பாத்துப் பெட்டிகளில் கிடக்கின்றன. காந்தநாடா ஆண்டுக்காண்டு தேய்கின்றது. அதனை வைத்திருப்பவர்களும் முதுமை அடைந்துவிட்டார்கள். அவற்றைப் பேஸ்புக்கில் ஏற்றி, விளம்பரங்களுக்கிடையே கேட்க எவரும் விரும்பமாட்டார்கள். குடும்பத்துக்கு மட்டும் திறக்கவேண்டியவை சில, ஆய்வாளருக்குத் திறக்கக்கூடியவை சில, ஐம்பது ஆண்டுகள் பூட்டியிருக்க வேண்டியவை சில. அந்த முடிவை எடுக்கும் உரிமை உங்களிடம் இருப்பதற்கே உங்கள் சொந்த வழங்கி.

எனவே நடைமுறைக்கு வருகின்றேன். நன்கொடையாகக் கிடைக்கும் ஒரு பழைய மடிக்கணினியில் டெபியனும் யூனோஹோஸ்டும் நிறுவுவோம். ஆள்களப் பெயரைத் தனிநபர் எவரது பெயரிலும் பதியாமல் சங்கத்தின் பெயரில் பதிவோம். கடவுச்சொற்கள் இருவரிடம் இருக்கும்: ஒருவர் முப்பது வயதுக்குக் குறைந்தவர், மற்றவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர். மூன்றாவது பிரதி கடித உறையில் ஒட்டப்பட்டுப் பொருளாளரின் பெட்டகத்தில் இருக்கும். பின்காப்பின் ஒரு பிரதியை வேறொரு நகரத்துத் தமிழ்ப் பாடசாலை வைத்திருக்கட்டும், அவர்களது பிரதியை நாம் வைத்திருப்போம். நெருப்போ வெள்ளமோ இரண்டு நகரங்களுக்கும் ஒரே நாளில் வருவதில்லை. நிறுவும்போது செய்யும் ஒவ்வோர் அடியையும் இளையோர் தமிழில் எழுதிவைக்க வேண்டும். அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, கணினித்துறையில் இல்லாத ஒரு தாயோ தந்தையோ, எவரது உதவியுமின்றி, இரண்டாவது மடிக்கணினியில் அதனை முழுவதும் மீண்டும் நிறுவிக் காட்டும்வரை பணி நிறைவுற்றதாகக் கொள்ளமாட்டோம். அவர் எந்த வரியில் தடுமாறுகின்றாரோ அந்த வரியைத் திருத்துவோம். அவரைத் திருத்த முயலமாட்டோம்.

ஒலிநாடாக்களையும் கடிதங்களையும் கொண்டுவருவோர் அவற்றைச் சுத்தம் செய்ய முயலவேண்டாம், தண்ணீரோ எண்ணெயோ படக்கூடாது. நாடா அறுந்திருந்தால் ஒட்டாமல் அப்படியே கொண்டுவாருங்கள். படங்களின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பெயரும் ஊரும் ஆண்டும் எழுதிவிடுங்கள். பெயர் சொல்லத் தெரிந்தவர் வீட்டில் உயிருடன் இருக்கும்போதே அதனைச் செய்யுங்கள். மடிக்கணினி தர விரும்புவோர் அதன் மின்னேற்றியையும் சேர்த்துத் தாருங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.